அத்தியாயம் 7: எத்தனை கேவிஏ போதும்?

ஜெனரேட்டர் கடைக்குள் நுழைந்ததும் "எத்தனை ரூம் வீடு சார்?" என்றுதான் கேட்பார்கள். இரண்டு படுக்கையறை என்றால் ஒரு மாடல், மூன்று என்றால் அடுத்த மாடல். கொஞ்சம் விவரமான விற்பனையாளர் கரண்ட் பில்லை வாங்கிப் பார்ப்பார். அதில் கான்ட்ராக்டட் லோடு என்று போட்டிருக்கும் எண்ணுக்குச் சமமாக ஒரு மெஷினைக் காட்டுவார். இரண்டுமே தப்பான தொடக்கம். கீசர், ஏசி, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும் மனதில் வைத்து இணைப்பு வாங்கும்போது எழுதிக் கொடுத்த கணக்குதான் அந்த எண். புயல் இரவில் உங்கள் வீட்டில் எது ஓடியே ஆக வேண்டும் என்பது அதில் இல்லை.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஜெனரேட்டரின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பொருள்தான். அது தண்ணீர் மோட்டார். மோட்டாரை ஜெனரேட்டரில் ஓட்டப்போகிறீர்களா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விளக்கு, ஃபேன், டிவி கணக்கெல்லாம் அதற்குப் பிறகு பத்து நிமிட வேலை.

எந்த மின்வெட்டுக்கு?

இங்கே கரண்ட் போவது இரண்டு விதம். ஒன்று கோடை வெட்டு. 2022 ஏப்ரலில் தட்டுப்பாடு முற்றி, தொழிற்சாலைகளுக்கு வாரம் ஒருநாள் பவர் ஹாலிடே அறிவிக்கும் நிலை ஆந்திராவுக்கு வந்தது. அந்த மாதிரிக் காலத்தில் வீடுகளுக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் போய்த் திரும்பும். இதற்கு ஜெனரேட்டர் வேண்டாம், இன்வெர்ட்டர் போதும். அமரான் பேட்டரி செய்கிற கரகம்பாடி நம் பக்கத்து ஊர்தான். பேட்டரிக்கு இங்கே பஞ்சமில்லை.

இன்னொன்று ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் வெட்டு. 2021 நவம்பர் 18, 19 தேதிகளில் பெய்த மழையில் திருப்பதியின் தாழ்வான தெருக்களில் வெள்ளம் புகுந்தது. சொர்ணமுகி கரை புரண்டது. ராமச்சந்திராபுரம் பக்கம் ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த ஊர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று அடுத்தடுத்த வருஷமும் புயல் வந்தது. கம்பம் சாய்ந்து, டிரான்ஸ்ஃபார்மர் தண்ணீரில் நின்றால் மின்புகார் எண் 1912-க்கு எத்தனை முறை போன் போட்டாலும் லைன்மேன் வந்து சேர ஒருநாள் ஆகலாம், இரண்டுநாளும் ஆகலாம். ஜெனரேட்டர் இந்த இரண்டாவது ரக வெட்டுக்குத்தான்.

150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று, கணக்குக்கு 1,800 வாட்-அவர். இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும், பேட்டரியை அடிவரை வற்றவிடக் கூடாது என்பதையும் கழித்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 1,200. நாலு ஃபேனும் விளக்குகளும் டிவியும் சேர்ந்து 300 வாட் இழுத்தால் நாலு மணி நேரம். மாலை ஆறு மணிக்குப் போன கரண்ட் பத்து மணிவரை வராவிட்டால் வீடு இருட்டு. ஆகவே ஜெனரேட்டர் வாங்குகிறவர் இன்வெர்ட்டரைத் தூக்கிப்போடத் தேவையில்லை. பேட்டரியை நிரப்புவதுதான் ஜெனரேட்டரின் முதல் வேலை என்று வைத்துக்கொண்டால் சின்ன மெஷினே போதும் என்பது போகப்போகத் தெரியும்.

கூரையில் சோலார் போட்டிருக்கிறோமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மானியத்தில் வருகிற ஆன்-கிரிட் சோலார், தெருவில் கரண்ட் போன கணமே தானும் நின்றுவிடும். லைன்மேனின் உயிருக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். நல்ல வெயில் அடித்தாலும் பேட்டரி இல்லாத சோலார் மின்வெட்டில் ஒரு விளக்கைக்கூட எரிக்காது.

ஓடும் வாட்ஸ், கிளம்பும் வாட்ஸ்

பல்பு, டிவி, மோடம் மாதிரியானவை எழுதியிருக்கிற வாட்ஸைத்தான் இழுக்கும். எல்இடி பல்பு 9 அல்லது 10, பழைய சீலிங் ஃபேன் 75, பிஎல்டிசி ஃபேன் 30 சொச்சம், 43 இஞ்ச் டிவி 90, தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் 50. இவற்றைக் கூட்டிப் போட்டால் முடிந்தது.

சூடாக்கும் சாமான்களும் எழுதினபடியே இழுக்கும். ஆனால் எழுதியிருப்பதே பயங்கரம். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, கீசர் 2,000 முதல் 3,000, இஸ்திரிப்பெட்டி 1,000. இவற்றை ஜெனரேட்டர் லைனிலேயே சேர்க்க வேண்டாம். சமையலுக்கு சிலிண்டர் இருக்கிறது, குளியலுக்கு அதே அடுப்பில் ஒரு பானை வெந்நீர். பெட்ரோலை எரித்துக் கரண்ட் ஆக்கி, அந்தக் கரண்ட்டைத் திரும்பச் சூடாக்குவது போல வீண்செலவு வேறில்லை.

மோட்டார் உள்ள சாமான்கள் தனி ஜாதி. ஃபிரிட்ஜ், மிக்ஸி, பழைய ரக ஏசி, தண்ணீர் மோட்டார் எல்லாம் இதில் அடக்கம். ஓடும்போது ஒரு கணக்கு, நிற்கிற நிலையிலிருந்து கிளம்பும்போது இன்னொரு கணக்கு. 240 லிட்டர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட் இழுத்தாலும், கம்ப்ரஸர் கிளம்பும் அரை நொடியில் 800, 900 வரை போகும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள புது ஃபிரிட்ஜுக்கு இந்தத் துள்ளல் கிடையாது. மெதுவாக ஆரம்பித்து ஏறும். ஏசியும் அப்படியே. 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி அதிகபட்சம் 1,600 வாட் பக்கம் போகும், அவ்வளவுதான். அதே 1.5 டன் பழைய ஏசியாக இருந்தால் கம்ப்ரஸர் கிளம்பும்போது 5 கேவிஏ ஜெனரேட்டரே முனகும்.

மழைநாளில் ஏசி எதற்கு என்பது என் கேள்வி. கோடைக்கு வேண்டும் என்றால், வெட்டு நேரத்தில் 180 வாட் ஏர் கூலரைப் பாருங்கள். ஏசிக்காக ஜெனரேட்டரின் அளவை ஏற்றினால் மெஷின் விலையிலும் பெட்ரோலிலும் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

போர் மோட்டார் என்ன கேட்கிறது

சித்தூர் பக்கம் போர் ஆழம். ஐந்நூறு அடி தாண்டியும் தண்ணீர் தேடிப் போன வீடுகள் எத்தனையோ. ஆழத்துக்குத் தக்க மோட்டாரும் பெரிசு. வீட்டு உபயோகத்துக்கே ஒன்றரை, இரண்டு, சில இடங்களில் மூன்று ஹெச்பி நீர்மூழ்கி மோட்டார்.

சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்தபடி பச்சைப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். ஆம்பியர் முள் சட்டென்று கடைசிக் கோடுவரை துள்ளி, ஒரு நொடிக்குள் இறங்கி 10-க்குப் பக்கத்தில் நிற்கும். ஒன்றரை ஹெச்பி மோட்டார் ஓடும்போது இழுப்பது அந்தப் பத்து ஆம்பியர். முள் துள்ளிய அந்த ஒரு நொடியில் இழுத்தது அதைப்போல மூன்று நாலு மடங்கு, சில மோட்டாரில் ஐந்து ஆறு மடங்கு. பெட்டி முள் அவ்வளவு வேகத்தைச் சரியாகக் காட்டாது. எலெக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் இருக்கும். அதில் இன்ரஷ் அளக்கும் வசதி இருந்தால் வயரைக் கவ்வவைத்து உச்ச எண்ணைப் பிடித்துவிடலாம். ஜெனரேட்டர் அளவுக்கு வேண்டிய எண் அதுதான்.

சித்தூர் எலெக்ட்ரிக்கல் கடை ஒன்றில் காதில் விழுந்த பேச்சு இது:

"அண்ணா, ஒன்றரை ஹெச்பிக்கு ரெண்டு கேவிஏ தாங்காதா?"

"ஓடுற மோட்டாரத் தாங்கும்ப்பா. கிளப்பத்தான் அதால ஆவாது."

இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மோட்டார் கிளம்பப் போதிய கரண்ட் கிடைக்காவிட்டால் வோல்டேஜ் விழும். மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும். காயில் சூடேறும். இதேபோல் ரெண்டு தடவை முயன்றால் காயில் கருகி, அத்தனை அடிக் குழாயையும் கழற்றி மேலே இழுக்க வேண்டியதுதான். ஜெனரேட்டரில் மிச்சம் பிடித்தது அந்தக் கூலிக்கே காணாது.

நீர்மூழ்கி மோட்டார்கள் செய்யும் ஃப்ராங்க்ளின் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கையேட்டில் இதற்கென்றே ஒரு பட்டியல் உண்டு. சாதாரண ரக ஜெனரேட்டராக இருந்தால் அரை ஹெச்பிக்கு 2 கிலோவாட், ஒன்றுக்கு 4, ஒன்றரைக்கு 5, இரண்டுக்கு 7.5, மூன்றுக்கு 10 கிலோவாட். ஹெச்பியை வாட்ஸாக்கினால் ஒன்றரை ஹெச்பி என்பது 1.1 கிலோவாட்தான். ஆனால் அதைக் கிளப்ப 5 கிலோவாட் மெஷின் கேட்கிறார்கள். காரணம் முன்பு சொன்ன துள்ளல்தான்.

எனவே இரண்டு ஹெச்பி போர் மோட்டாரை ஓட்ட வேண்டும் என்றால் தூக்கிச் செல்லும் ரகத்தை மறந்துவிடுங்கள். அது டீசல் செட் விஷயம். நூற்றுக்கணக்கான கிலோ எடை, தனி மேடை, வேறு பட்ஜெட். விவசாய மோட்டார் த்ரீ பேஸ், ஐந்து ஏழரை ஹெச்பி. அதை இந்த அத்தியாயத்தில் தொடவில்லை.

ஆனால் வீட்டுக்குப் போர் மோட்டாரை ஓட்டித்தான் ஆக வேண்டுமா? மொட்டைமாடியில் இன்னொரு 1,000 லிட்டர் சின்டெக்ஸ் வைத்துவிட்டால்? நகரத்தில் ஆளுக்கு ஒருநாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 540. புயல் எச்சரிக்கை வந்த அன்றே இரண்டு டேங்கையும் நிரப்பிக் கொஞ்சம் சிக்கனமாக இருந்தால் நாலு நாள் ஓடும். ஒரு சின்டெக்ஸின் விலையும், 2 கேவிஏவுக்கும் 5 கேவிஏவுக்கும் உள்ள விலை வித்தியாசமும் பக்கத்திலேயே நிற்காது. என்னைக் கேட்டால் பத்து வீட்டில் எட்டு வீட்டுக்கு டேங்க்தான் சரி.

சம்ப் உள்ள வீட்டுக்கு வேலை இன்னும் எளிது. திருப்பதியில் கல்யாணி அணைத் தண்ணீரோ தெலுங்கு கங்கைத் தண்ணீரோ முனிசிபல் குழாயில் வந்து சம்பில் விழும். சித்தூரில் டேங்கர் ஊற்றும். சம்பிலிருந்து மாடிக்கு ஏற்ற அரை ஹெச்பி மோனோபிளாக் போதும். ஓடும்போது 600 வாட், கிளம்பும்போது 2,000 பக்கம். இது சின்ன ஜெனரேட்டரின் கைக்கு எட்டும்.

ஒரு வீட்டுக் கணக்கு

திருப்பதியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய ஃபேன் இரண்டு 150, பிஎல்டிசி இரண்டு 64, விளக்கு எட்டு 80, டிவி 90, வைஃபை மோடம் 12. மொத்தம் 396. ஃபிரிட்ஜ் 150 சேர்த்தால் 546.

இங்கே பலர் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. ஜெனரேட்டரை ஆன் செய்ததும், வற்றிப்போன இன்வெர்ட்டர் பேட்டரி பசியோடு சார்ஜ் இழுக்க ஆரம்பிக்கும். 15 ஆம்பியரில் ஏறினால் இழப்பையும் சேர்த்து 300 வாட். ஆகமொத்தம் 846. ஃபிரிட்ஜ் கிளம்பும் நொடிக்கு அதன் 150-ஐக் கழித்து 900-ஐப் போட்டால் 1,596.

மோட்டார் இல்லாமல் இந்த வீட்டுக்கு 1,800 வாட் ரேட்டட் (மணிக்கணக்கில் ஓடும் அளவு) உள்ள 2.2 கேவிஏ மெஷின் தாராளம். சம்ப் மோட்டாரும் ஓட வேண்டும் என்றால், மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு மோட்டாரைக் கிளப்புவது என்ற ஒழுங்கோடு 2.8 அல்லது 3 கேவிஏ. ஒன்றரை ஹெச்பி போர் என்றால் 5 கிலோவாட் ரேட்டட், அதாவது கடையில் 6 கேவிஏ பக்கம் போய் நிற்க வேண்டும். வீடும் ஆட்களும் ஃபேனும் அதேதான். மோட்டார் மட்டும் மாறினதில் மெஷின் மூன்று மடங்கு ஆகிவிட்டது.

மிக்ஸியைப் பற்றிக் கேட்பீர்கள். 750 வாட் மிக்ஸியை ஃபிரிட்ஜ் ஓடாத நேரத்தில் போட்டால் 2.2-லேயே ஓடும். டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்தான், கவலையே வேண்டாம்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கனம் எதுவும் பொருந்தாது. ஐந்து லிட்டர் மெஷின் 350 வாட் பக்கம் இழுக்கும், நிற்காமல் ஓட வேண்டும். அதற்கு இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் இரண்டும் வேண்டும். அதற்கும் மேலே ஒரு சிலிண்டரும் நிரப்பித் தயாராக இருக்க வேண்டும்.

மெஷினில் ஒட்டியிருக்கும் எண்கள்

பெட்டி மேலே கொட்டை எழுத்தில் இருப்பது மாக்ஸிமம். அது சில நிமிஷம் மட்டும் தாங்கும் அளவு. ரேட்டட் என்று பொடி எழுத்தில் இருப்பதுதான் மணிக்கணக்கில் ஓடும் அளவு. உங்கள் கணக்கை ரேட்டட்டோடுதான் ஒப்பிட வேண்டும். அதிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நாள் முழுக்க ஏற்றாமல் இருப்பது நல்லது. கேவிஏவும் கிலோவாட்டும் ஒன்றில்லை. மோட்டார் கலந்த லோடுக்குக் கேவிஏவை 0.8-ஆல் பெருக்கினால் கிலோவாட் என்று வைத்துக்கொண்டால் தவறாது.

இதில் ஊருக்கு ஊர் வித்தியாசமும் உண்டு. திருப்பதி கடல் மட்டத்திலிருந்து நூற்றைம்பது மீட்டர் சொச்சம். பலமநேரும் மதனப்பள்ளியும் ஏறக்குறைய 700 மீட்டர். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து இன்ஜினின் இழுவை குறையும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 3.5 சதவீதம் என்பது ஹோண்டா தன் கையேடுகளில் தரும் கணக்கு. பலமநேரில் எட்டு சதவீதம் போய்விடும். ஹார்ஸ்லி ஹில்ஸில் வீடு வைத்திருப்பவருக்குப் பதினைந்து. ரேணிகுண்டா பக்கம் உயரம் பிரச்சினை இல்லை. அங்கே மே மாத வெயில்தான் இன்ஜினின் மூச்சை வாங்கும்.

இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரா, சாதாரண ஏவிஆர் வகையா? லோடுக்குத் தக்கபடி இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகைக்குச் சத்தம் குறைவு, கரண்ட் சுத்தம், விலை அதிகம். சாதாரண வகை, ஒரு பல்பு எரிந்தாலும் 3,000 சுற்றில்தான் ஓடும். 3 கேவிஏவுக்குள் முடிகிற வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வகையையே சொல்வேன். சாதாரண வகையில் வோல்டேஜும் சுற்றும் ஆடும்போது வீட்டு இன்வெர்ட்டர் அந்தக் கரண்ட்டை நிராகரித்து, சார்ஜ் ஏற்றாமல் பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வீட்டு இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். நார்மலுக்குத் தள்ளினால் பெரும்பாலும் சார்ஜ் ஏற ஆரம்பித்துவிடும்.

பெரிசாக வாங்கினால் என்ன?

"இருக்கட்டுமே, நாளைக்கு ஏசி போட்டால் உதவும்" என்று 5 கேவிஏ வாங்குகிறவர்கள் நம் ஊரில் அதிகம். பெட்ரோல் கணக்கைப் பார்த்தால் ஆசை அடங்கும். ஹோண்டாவின் 2.2 கேவிஏ இன்வெர்ட்டர் வகையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். டேங்க் 3.6 லிட்டர். ரேட்டட் லோடில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலே, கால்வாசி லோடில் எட்டு மணி நேரம் என்பது நிறுவனம் தரும் விவரம். வகுத்துப் பார்த்தால் முழு லோடில் லிட்டருக்கு 1.6 யூனிட், கால்வாசி லோடில் லிட்டருக்கு ஒரே யூனிட். ஆந்திராவில் பெட்ரோல் லிட்டர் 110 ரூபாயை ஒட்டி இருக்கிறது என்றால், யூனிட் 70 ரூபாயில் ஆரம்பித்து 110 வரை போகிறது. 5 கேவிஏ சாதாரண மெஷினில் வெறும் 500 வாட் ஓட்டினால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலே குடிக்கும். அதாவது யூனிட் 220 ரூபாய்க்குக் குறையாது. சித்தூர்க்காரர்கள் விலை குறைவு என்று எல்லை தாண்டித் தமிழ்நாட்டு பங்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வருவது புது வழக்கமில்லை. ஜெனரேட்டர் வாங்கினால் அந்தப் பழக்கம் இன்னும் கூடும்.

சின்ன மெஷின் வைத்திருப்பவர் அதை நாள் முழுக்க ஓட்டக் கூடாது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் ஃபிரிட்ஜ் குளிர்ந்துவிடும், சம்பிலிருந்து தண்ணீர் ஏறிவிடும், மிக்ஸி வேலை முடிந்துவிடும், போன்களெல்லாம் நிரம்பிவிடும். 15 ஆம்பியரில் நாலு மணி நேரம் ஏறினால் பேட்டரிக்கு 60 ஆம்பியர்-அவர் கிடைக்கும். இரண்டு பிஎல்டிசி ஃபேனும் இரண்டு விளக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட அது போதும். ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுத் தூங்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் தூங்குவார். இந்த முறையில் நாளைக்கு மூன்று, நாலு லிட்டர் பெட்ரோல்.

பெட்ரோலைச் சேர்த்து வைப்பதற்கும் வரம்பு உண்டு. விற்பனைக்கு இல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ள லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் பெட்ரோலியம் சட்டம் அனுமதிக்கிறது. அதுவும் 25 லிட்டருக்கு மேற்படாத, இறுக மூடிய உலோகக் கேனில். எண்ணெய் டின்னும் பிளாஸ்டிக் குடமும் இதில் சேராது. இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் மாதக்கணக்கில் கிடந்தால் ஈரம் இழுத்துக் கெட்டுப்போகும். கார்பரேட்டரில் பிசினாகப் படியும். மழைக்காலம் முடிந்ததும் மிச்சத்தை வண்டிக்கு ஊற்றிவிட்டு, பெட்ரோல் காக்கை மூடி, தானாக நிற்கும்வரை மெஷினை ஓடவிட்டுத் துடைத்து வையுங்கள்.

எடையும் இடமும்

2.2 கேவிஏ இன்வெர்ட்டர் மெஷின் 21 கிலோ. ஒரு ஆள் மாடிக்குத் தூக்கிவிடலாம். 3 கேவிஏ மூடிய ரகம் 60 கிலோ, இரண்டு பேர் வேண்டும். 5 கேவிஏ 80, 90 கிலோ. சக்கரம் இருக்கும், ஆனால் சக்கரம் படி ஏறாது. 2021 வெள்ளத்தில் தரைத்தளம் நனைந்த தெருக்களில் இது சாதாரண விஷயமில்லை. வீட்டில் தண்ணீர் ஏறும் ராத்திரியில்தான் ஜெனரேட்டர் வேண்டும், அப்போது கீழே இருக்கும் 90 கிலோ மெஷின் தண்ணீருக்குள் நிற்கும். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் தூக்க முடிகிற எடையையே அளவின் உச்சவரம்பாக வைத்துக்கொள்வது உத்தமம்.

மெஷினை வைக்கிற இடம் திறந்தவெளியாகத்தான் இருக்க வேண்டும். போர்டிகோவில் ஷட்டரை இறக்கிவிட்டோ, படிக்கட்டுக்கு அடியிலோ, பால்கனியிலோ வைத்து ஓட்டவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கம் மாதிரி வந்து ஆளைக் கொன்றுவிடும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று சோதனையில் தெரிந்தது. வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். திருப்பதிப் பழைய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இருபது அடிக்கு எங்கே போவது? அங்கே மொட்டைமாடிதான் ஒரே வழி. நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை போட்டு, சைலன்சர் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் திருப்பி வையுங்கள். அங்கிருந்து கீழே வரும் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும். மெலிந்த வயரில் வோல்டேஜ் விழுந்தால், சரியான அளவில் வாங்கிய மெஷினும் சின்ன மெஷின் போலத்தான் நடந்துகொள்ளும்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச்

இரண்டு முனையிலும் பின் மாட்டிய வயரை வைத்து, ஜெனரேட்டரை ஒரு பவர் பிளக்கில் சொருகி வீட்டையே எரியவைக்கும் வித்தை பல ஊர்களில் நடக்கிறது. மெயினை ஆஃப் செய்ய மறந்தால் உங்கள் 230 வோல்ட் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக 11,000 வோல்ட் ஆக்கி, கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் கையில் கொடுக்கும். மெயினும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி டபுள் போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். மெஷின் விலையில் அது ஒரு சின்னப் பங்குதான். ஜெனரேட்டரின் உடம்புக்கு எர்த்தும் அப்போதே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

த்ரீ பேஸ் மீட்டர் உள்ள வீட்டில் ஒரு வேலை கூடுதல். போர்ட்டபிள் மெஷின் சிங்கிள் பேஸ்தான் தரும். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், சம்ப் மோட்டார், ஹால் விளக்குகளை ஒரே பேஸுக்கு மாற்றித் தனிப் பெட்டியில் கட்டி, அந்தப் பேஸுக்கு மட்டும் சேஞ்ச் ஓவர் போட்டால் போதும். கீசரும் ஏசியும் தானாக வெளியே நின்றுவிடும். பிள்ளைகள் தெரியாமல் போட்டுவிடுவார்களோ என்ற பயமும் இல்லை.

கடையில்

மோட்டார் தகட்டில் உள்ள ஹெச்பி, ஆம்பியர், டாங் டெஸ்டரில் வந்த உச்ச எண் மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் ஒரு கல்யாணம், காதுகுத்து என்பதற்காகப் பெரிய மெஷின் கேட்காதீர்கள். பந்தல்காரரிடமே வாடகைக்குக் கிடைக்கும். கங்கையம்மன் ஜாத்திரை நாட்களில் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மெஷினில் சத்தம், புகை விதிகளுக்கான அங்கீகார ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் போர்ட்டபிள் மெஷின்களுக்கு 86 டெசிபல் என்பது வெகுநாளாக உள்ள வரம்பு. பெயர் தெரியாத மலிவு மெஷின்களில் ஸ்டிக்கரே இருக்காது. சர்வீஸ் ஆள் திருப்பதியிலோ சித்தூரிலோ இருக்கிறாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டும் முன் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் மோட்டாரிலேயே கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். கடையில் நூறு வாட் பல்பை எரியவைத்துக் காட்டுவதில் ஒன்றும் தெரியாது. முதலில் ஜெனரேட்டர், இரண்டு நிமிஷம் சூடேறட்டும், பிறகு ஒரு விளக்கை மட்டும் போட்டுவிட்டு மோட்டார், அது ஓட ஆரம்பித்த பிறகு ஃபிரிட்ஜ், கடைசியில் ஃபேனும் மற்ற விளக்குகளும். நிறுத்தும்போது மோட்டாரை முதலில் நிறுத்தி, ஜெனரேட்டரைக் கடைசியில் நிறுத்த வேண்டும். மோட்டார் கிளம்பும்போது விளக்கு ஒருமுறை மங்கி நிமிர்ந்தால் சரி. மங்கியது மங்கியபடியே நின்றால் அந்த மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த அளவைக் கேளுங்கள், இல்லையென்றால் சின்டெக்ஸ் கடைக்குப் போங்கள்.